சியாங் மாயில் ஒரு காலை வரிசை

2025ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம், இடம்பெயர்ந்த பெண்களோடு பணிபுரிவோருக்கான ஒரு வாரப் பயிற்சிக்காகத் தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகருக்குப் போகும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. புறப்படுவதற்கு முதல்நாள் மாலை சின்னம்மா வீட்டுக்கு வந்தார். ஏதாவது வாங்கி வரச் சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"பிள்ளை, அங்க வயசு போன ஆக்கள் போய் இருக்கிறதுக்கு ஒரு விசா குடுக்கினமாம். அதுக்கு அரசாங்கம் எவ்வளவு காசு எடுக்குது எண்டு ஒருக்காக் கேட்டுக்கொண்டு வா."

சின்னம்மாவுக்கு வயது 61. 2009இல் கணவரை இழந்தவர். செட்டிகுளம் முகாமிலிருந்து ஒரு பையோடும் ஒரே மகனோடும் ஊர் திரும்பியவர். அந்த மகன், என் தம்பி முறையானவன், 2012இல் நாட்டை விட்டுப் போனான். இன்று ஐரோப்பிய நாடொன்றில் அகதி அந்தஸ்தோடு இருக்கிறான். அந்த நாடு அவனுக்குக் கொடுத்திருக்கும் பயணப் பத்திரத்தால் பல நாடுகளுக்குப் போகலாம்; இலங்கைக்கு மட்டும் வர முடியாது. இப்படி எத்தனை தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இதை அறிந்த தரகர் ஒருவர் சின்னம்மாவிடம் வந்திருக்கிறார். தாய்லாந்தில் ஓய்வுகால விசா எடுத்துத் தருவதாகவும், அங்கே வீடெடுத்து இருந்தால் மகன் வருடாவருடம் வந்து பார்க்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். "அரசாங்கக் கட்டணம் மட்டும் நாலு இலட்சம் ரூபா" என்பது அவர் கணக்கு. சின்னம்மா காப்பை அடகு வைத்து ஒன்றரை இலட்சம் கொடுத்துவிட்டார். பற்றுச்சீட்டு இல்லை. இதை வேறு யாருக்கும் சொல்ல வேண்டாம் என்று என் கையைப் பிடித்துக் கேட்டுக்கொண்டார்.

சியாங் மாய் அழகான நகரம். 1296ஆம் ஆண்டு மங்ராய் என்ற மன்னர் அமைத்த தலைநகரம் அது. பழைய நகரைச் சதுரமாகச் சுற்றி அகழி ஓடுகிறது. அகழிக்கரையில் இடிந்தும் இடியாமலும் செங்கல் மதில்கள் நிற்கின்றன. கிழக்கே தா பே வாசல். வீதியில் சிவப்பு நிறச் சிறு வாகனங்கள் இரண்டு பக்கமும் வாங்கு போட்டு ஆட்களை ஏற்றிக்கொண்டு திரிகின்றன. மேற்கே தோய் சுதெப் மலை இருக்கிறது. ஆனால் நாங்கள் போன காலம் காடும் வயலும் எரிக்கும் காலம். மலையைப் புகை மூடியிருந்தது. ஒரு வாரத்தில் இரண்டு நாள்தான் மலையுச்சியைக் கண்டோம்.

நகரின் நடுவே பிரா சிங் விகாரையில் ஒரு புத்தர் சிலை உண்டு. அது இலங்கையிலிருந்து கடல் வழியாக வந்தது என்பது அங்குள்ள ஐதிகம். நான் இலங்கை என்று சொன்னதும் அங்கிருந்த காவலாளி முகம் மலர்ந்து அந்தச் சிலையைக் காட்டினார்.

நாங்கள் தங்கிய விடுதியில் பக்கத்து அறையில் நிரந்தரமாகக் குடியிருந்தவர் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி. வயது 74. இங்கிலாந்தின் வடபகுதியில் தாதியாக வேலை செய்து ஓய்வுபெற்றவர், கணவர் இறந்தபின் தனியே வந்து குடியேறியவர். இரண்டாம் நாள் காலை தேநீர் குடிக்கையில் பேச்சுக் கொடுத்தேன். சின்னம்மா கேட்ட கேள்வியைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, "நாளை மறுநாள் நான் அதற்குத்தான் போகிறேன். முழங்கால் சரியில்லை, துணைக்கு வருகிறாயா? நீயே பார்த்துக்கொள்ளலாம்" என்றார். அன்று எங்களுக்கும் பயிற்சியில் ஓய்வு நாள்.

விடியற்காலையிலேயே புறப்பட்டோம். குடிவரவு அலுவலகம் விமான நிலையத்துக்கு அருகில் இருக்கிறது. கதவு திறக்குமுன்பே வரிசை. நமது பிரதேச செயலகத்தின் முன் நிற்கும் வரிசையை நான் பத்து வருடமாகப் பார்த்து வருகிறேன். அந்த வரிசைக்கும் இதற்கும் முதல் பார்வைக்கு வித்தியாசமே தெரியவில்லை. கையில் கோவை, கோவைக்குள் பிரதிகள், பிரதிகளில் கையெழுத்து, ஒன்று குறைந்துவிட்டதோ என்ற பயம். ஆனால் நின்றவர்கள் ஆங்கிலேயரும் அமெரிக்கரும் ஜேர்மானியரும் யப்பானியரும். வெள்ளைக்காரரும் பத்திரத்துக்காகப் பதறுவார்கள் என்பதை அன்றுதான் கண்டேன்.

அம்மையாரின் கோவையைக் காத்திருந்த நேரத்தில் ஒவ்வொரு தாளாகப் பார்த்தேன். சின்னம்மாவுக்காக எல்லாவற்றையும் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

ஓய்வுகாலத் தங்கல் அனுமதிக்கு வயது 50 நிறைந்திருக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். அதற்கு அரசாங்கக் கட்டணம் 1,900 பாட். நான் போன சமயம் ஒரு பாட் ஏறத்தாழ 9 ரூபா. ஆக, நமது காசில் சுமார் 17,000 ரூபா. முதன்முதலில் எடுக்கும் விசாவுக்கு ஒருமுறை நுழைவதென்றால் 2,000 பாட், பலமுறை நுழைவதென்றால் 5,000 பாட் என்று இருந்தது. அனுமதியோடு இருப்பவர் இடையில் ஊருக்குப் போய்த் திரும்புவதானால் போகுமுன் மீள்நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். ஒருமுறைக்கு 1,000 பாட், பலமுறைக்கு 3,800 பாட். அதை எடுக்காமல் விமானம் ஏறினால் தங்கல் அனுமதியே இல்லாமல் போய்விடும். 90 நாளுக்கு ஒருமுறை தன் விலாசத்தை அறிவிக்க வேண்டும். அதற்குக் கட்டணமே இல்லை. ஆனால் தவறினால் தண்டம். அனுமதி முடிந்தபின் தங்கினால் நாளொன்றுக்கு 500 பாட், கூடியது 20,000 பாட் வரை தண்டம்.

இவ்வளவையும் கூட்டினாலும் தரகர் சொன்ன நாலு இலட்சம் வரவில்லை. அதில் கால்பங்குகூட வரவில்லை.

"அப்படியானால் ஏன் எல்லோரும் வந்து இங்கே இருக்கவில்லை?" என்று கேட்டேன். அம்மையார் தன் வங்கிப் புத்தகத்தைத் திறந்து காட்டினார். அதில்தான் விசயம் இருந்தது.

அனுமதி கேட்பவர் தாய்லாந்து வங்கியொன்றில் தன் பெயரில் 800,000 பாட் வைத்திருக்க வேண்டும். அல்லது மாதம் 65,000 பாட் வருமானம் காட்ட வேண்டும். அல்லது இரண்டும் சேர்ந்து வருடத்தில் 800,000 ஆக வேண்டும். 800,000 பாட் என்பது நமது 72 இலட்சம் ரூபா. 2019இல் இந்த விதியை இன்னும் இறுக்கினார்கள். விண்ணப்பிக்க இரண்டு மாதம் முன்பிருந்தே பணம் வங்கியில் கிடக்க வேண்டும். அனுமதி கிடைத்தபின் மூன்று மாதம் அதைத் தொடக்கூடாது. மற்றைய மாதங்களிலும் 400,000க்குக் கீழே இறங்கக்கூடாது. தூதரகத்தின் மூலம் முன்கூட்டியே எடுக்கும் ஓ-ஏ வகை விசாவுக்கு அதே வருடத்திலிருந்து மருத்துவக் காப்புறுதியும் கட்டாயமாக்கப்பட்டது.

சகோதரிகளே, இதைக் கவனமாக விளங்கிக்கொள்ளுங்கள். அந்த 800,000 பாட்டும் அரசாங்கத்துக்குப் போவதில்லை. அது அம்மையாரின் பெயரில், அவர் கணக்கில், அவர் காசாகவே கிடக்கிறது. அரசாங்கத்துக்குப் போவது 1,900 மட்டுமே. கட்டுகிற காசு வேறு, காட்டுகிற காசு வேறு. இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்பிச் சொல்லும் இடத்தில்தான் தரகர் தன் பங்கை ஒளித்து வைக்கிறார்.

அம்மையாருக்கும் கவலை இருந்தது. பிரித்தானிய அரச ஓய்வூதியம் அந்த நாட்டில் இருப்பவர்களுக்கு வருடாவருடம் கூடும். தாய்லாந்துக்குப் போய்க் குடியிருப்பவர்களுக்குக் கூடாது. போன அன்று என்ன தொகையோ அதே தொகைதான் கடைசிவரை. இலங்கையில் வந்து இருப்பவர்களுக்கும் அப்படியே. சாமான் விலை ஏற ஏற, ஓய்வூதியம் நின்ற இடத்திலேயே நிற்கிறது. முன்பு பிரித்தானியத் தூதரகம் ஒருவரின் வருமானத்தை உறுதிசெய்து கடிதம் கொடுத்து வந்தது. 2019 தொடக்கத்தோடு அதையும் நிறுத்திவிட்டார்கள். அமெரிக்காவும் அவுஸ்திரேலியாவும் அவ்வாறே செய்தன. மாத வருமானம் காட்ட முடியாமற் போனதால், வீடு விற்ற காசில் 800,000 பாட்டை வங்கியில் போட்டுவிட்டார். "இந்தக் காசு என்னுடையது, ஆனால் எனக்கு வருத்தம் வந்தால்கூட நினைத்த நேரம் எடுக்க முடியாது. என்னை இங்கே இருக்க விடுவதற்காக அது சும்மா படுத்திருக்கிறது" என்றார்.

அவர் இலக்கம் கூப்பிடப்பட்டது. அதிகாரி தாள்களைப் புரட்டினார், படம் எடுத்தார், 1,900 பாட் வாங்கினார். பற்றுச்சீட்டு உடனே வந்தது. அம்மையார் அதை இரண்டாக மடித்துக் கடவுச்சீட்டுக்குள் வைத்தார். மத்தியானத்துக்குள் முத்திரையும் கிடைத்தது. இன்னும் ஒரு வருடம்.

பணம் இன்னும் கூடியவர்களுக்கு இந்த வரிசையும் இல்லை. 2022 செப்டெம்பரில் தொடங்கிய நீண்டகால வதிவிட விசாவில், 50 வயதைக் கடந்த வசதியான ஓய்வூதியருக்கென ஒரு பிரிவு உண்டு. வருடத்துக்கு 80,000 அமெரிக்க டொலர் வருமானம் காட்டினால், 50,000 பாட் கட்டணத்தில் பத்து வருட அனுமதி. விலாசத்தையும் 90 நாளுக்கு ஒருமுறை அல்ல, வருடத்துக்கு ஒருமுறை அறிவித்தால் போதும்.

அன்று மாலை விடுதிக்குத் திரும்பியபோது கூட்டித் துடைக்கும் அம்மா மாடிப்படியில் இருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். வயது 63. விடுதிக்கார அக்காவின் மொழிபெயர்ப்போடு அவரிடமும் கேட்டேன். தாய்லாந்தில் 60 வயது கடந்த குடிமக்களுக்கு முதியோர் கொடுப்பனவு உண்டு. 2011இல் வகுத்த முறைப்படி வயதுக்கேற்ப மாதம் 600 பாட் முதல் 1,000 பாட் வரை. அவருக்குக் கிடைப்பது 600. அம்மையார் காலையில் கட்டிய 1,900 பாட், இந்த அம்மாவுக்கு மூன்று மாதக் கொடுப்பனவுக்கும் மேலே. "அவவுக்கு ஒரு முத்திரை, எனக்கு மூன்று மாதத்து அரிசி" என்று சொல்லிச் சிரித்தார். கோபம் இருக்கவில்லை. அம்மையாருக்குக் கால் நோகும் நாட்களில் எண்ணெய் தடவி விடுபவரும் அவர்தான்.

எங்களோடு பயிற்சிக்கு வந்திருந்தவர்களில் மியன்மாரின் சான் இனப் பெண் ஒருவரும் இருந்தார். தாய்லாந்து 1951ஆம் ஆண்டின் அகதிகள் சமவாயத்தில் கையெழுத்திடாத நாடு. மியன்மார் எல்லையோரம் ஒன்பது அகதி முகாம்கள் இருக்கின்றன. 1984இல் முதல் முகாம்கள் எழுந்தன. அவற்றில் பெரும்பாலோர் கரென், கரெனி மக்கள். சான் மக்களில் பெரும்பாலோருக்கு அந்த முகாம் வாழ்வும் கிட்டவில்லை. கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வீட்டு வேலைக்கும் வந்த தொழிலாளராகவே சியாங் மாயைச் சுற்றி வாழ்கிறார்கள். "நாங்கள் கட்டிய வீடுகளில்தான் ஓய்வு பெற்றவர்கள் இருக்கிறார்கள்" என்று அந்தப் பெண் சொன்னார்.

அதைக் கேட்டபோது நம்மவர்கள் நினைவு வராமல் இல்லை. 2010 ஆகஸ்டில் 492 தமிழரோடு கனடாவின் மேற்குக் கரையை அடைந்த சன் சீ கப்பல் தாய்லாந்திலிருந்துதான் புறப்பட்டது. அதே வருடம் ஒக்டோபரில் பாங்கொக்கில் நூற்றுக்கு மேற்பட்ட இலங்கைத் தமிழர் கைதானார்கள். பெண்களும் பிள்ளைகளும்கூட அவர்களில் இருந்தார்கள். தங்கல் அனுமதி முடிந்தது அல்லது இல்லை என்பதே குற்றம். அம்மையார் முத்திரை வாங்கியதும் குடிவரவுத் திணைக்களத்தில்தான். நம்மவர்களை அடைத்து வைத்ததும் குடிவரவுத் தடுப்பு நிலையத்தில்தான். இடையில் இருந்தது வங்கிப் புத்தகமும் கடவுச்சீட்டின் நிறமும்.

நான் சமூகவியல் படித்தவள். ஒரு நாட்டின் சட்டம் யாரை விருந்தினர் என்கிறது, யாரைக் கூலி என்கிறது, யாரைக் குற்றவாளி என்கிறது என்று பல்கலைக்கழகத்தில் கட்டுரை எழுதியிருக்கிறேன். ஒரே வாரத்தில் ஒரே ஊரில் மூன்றையும் கண்ணால் கண்டது அதுதான் முதல் தடவை. ஆனால் அந்த வாரம் முழுக்க என் மனதில் இருந்தது கட்டுரை அல்ல, சின்னம்மாவின் அடகுச் சீட்டு.

ஊர் திரும்பியதும் சின்னம்மாவோடு இருந்து ஒரு தாளில் மூன்று நிரல் போட்டேன். முதலாவது, அரசாங்கத்துக்குக் கட்டும் காசு. இரண்டாவது, நம் பெயரிலேயே வங்கியில் காட்டும் காசு. மூன்றாவது, தரகர் எடுக்கும் காசு. முதலாவதில் எல்லாம் சேர்த்தும் ஒரு இலட்சத்துக்குள் நின்றது. இரண்டாவதில் 72 இலட்சம் என்று எழுதினேன். மூன்றாவதில் என்ன எழுதுவதென்று சின்னம்மாவிடம் கேட்டேன். அவர் நெடுநேரம் தாளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழுபத்திரண்டு இலட்சம் என்னட்ட இல்லை எண்டு அவனுக்குத் தெரியும்தானே பிள்ளை?"

"தெரியும் சின்னம்மா."

"அப்ப விசா வராது எண்டும் தெரிஞ்சுதான் வாங்கினவன்."

மறுநாள் தரகரைத் தொலைபேசியில் அழைத்து, கட்டிய காசுக்கு அரசாங்கப் பற்றுச்சீட்டு வேண்டும் என்று சின்னம்மாவே கேட்டார். அதெல்லாம் தருவதில்லை என்றார் அவர். இரண்டாம் முறை அழைத்தபோது தொலைபேசி நிறுத்தப்பட்டிருந்தது. பொலிசில் முறைப்பாடு கொடுத்தோம். முறைப்பாட்டுக்குப் பிறகு நாற்பதாயிரம் ரூபா ஓர் உறவினர் மூலம் வந்தது. மீதி வரவில்லை. காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது.

இதை எழுதலாமா என்று சின்னம்மாவிடம் கேட்டேன். "பேர் போடாமல் எழுது. நாலு பேர் தப்பினால் நல்லது" என்றார். ஆகவே வாசகிகளுக்குச் சில சொல். எந்த நாட்டு விசா என்றாலும் அரசாங்கக் கட்டணம் என்பது ஒளிவுமறைவான தொகை அல்ல. அது அந்த நாட்டின் தூதரகத்தில் எழுதிப் போடப்பட்டிருக்கும். முதலில் அதைக் கேளுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் உங்கள் பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரையோ, படித்த பிள்ளை ஒருவரையோ துணைக்கு வைத்துக்கொண்டு கேளுங்கள். அரசாங்கம் வாங்கும் காசுக்குப் பற்றுச்சீட்டு உண்டு. பற்றுச்சீட்டு இல்லாத காசு அரசாங்கத்துக்குப் போவதில்லை. வங்கியில் காட்ட வேண்டிய பணம் என்று ஒருவர் சொன்னால், அது உங்கள் பெயரிலுள்ள கணக்கில் இருக்க வேண்டும், இன்னொருவர் கைக்குப் போகக் கூடாது. கட்டணங்களும் விதிகளும் மாறும். நான் இங்கே எழுதியவை நான் போன காலத்தவை. போகுமுன் புதிதாகக் கேட்டறியுங்கள்.

மகனைக் காணும் ஆசை தரகரோடு போய்விடவில்லை. நாங்கள் போன நாட்களில் இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர் சுற்றுலாவாகத் தாய்லாந்துக்குப் போய் 60 நாள் வரை விசா இல்லாமல் தங்கலாம் என்று இருந்தது. 2024 ஜூலையில் வந்த விதி அது. குடியிருக்க 72 இலட்சம் வேண்டும், இரண்டு கிழமை மகனோடு இருந்து வர அது தேவையில்லை. சின்னம்மா அந்தத் தாளின் பின்பக்கத்தில் விமானச் சீட்டு, சாப்பாடு, அறை வாடகை என்று புதுக் கணக்கொன்று போடச் சொன்னார். பிறப்புச் சான்றிதழ் இடப்பெயர்வில் தொலைந்திருந்தது. அதன் பிரதியை எடுத்துக்கொண்டு வவுனியா பிராந்திய அலுவலகத்தில் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பித்தோம். கட்டிய காசுக்கான பற்றுச்சீட்டை அவர் கேட்டு வாங்கி, இரண்டாக மடித்துக் கைப்பைக்குள் வைத்தார்.

கடவுச்சீட்டு இப்போது அவர் கையில் இருக்கிறது. மகனுக்கு லீவு கிடைக்கும் திகதிக்காகக் காத்திருக்கிறார். போன கிழமை வீட்டுக்கு வந்தபோது இன்னொரு கேள்வி கேட்டார்.

"பிள்ளை, வறுத்த அரிசிமா கொண்டு போக விடுவினமோ? அவன் புட்டுச் சாப்பிட்டுப் பதின்மூன்று வருசம்."

அதை மட்டும் நான் கேட்டுக்கொண்டு வரவில்லை.